காலிக் குழிக்கு வாதாடியவர்

உங்கள் தெருவில் ஓடும் வடிகால் எந்த மழையை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டது என்று உங்களால் சொல்ல முடியுமா?

முடியாது. வெட்கப்பட வேண்டாம், கட்டியவர்களிலேயே பலருக்குத் தெரியாது. உங்கள் தாத்தா காலத்தில் பெய்த மழையை அளந்து வைத்த கணக்கை எடுத்து, அதே மழைதான் உங்கள் பேத்தி காலத்திலும் பெய்யும் என்று நம்பி, எங்கோ ஓர் அலுவலகத்தில் ஒருவர் குழாயின் அகலத்தை முடிவு செய்திருப்பார். காலையில் ராசிபலன் படிக்கிறவனைக் கேலி செய்யும் படித்த கூட்டம், இந்த நம்பிக்கைக்கு மட்டும் பொறியியல் என்று பெயர் வைத்திருக்கிறது.

அந்த நம்பிக்கையை ஒரே ஒரு கால்வாயின் விஷயத்திலாவது உடைத்துக் காட்டிய ஒரு பெண்ணைப் பற்றி எழுதுகிறேன். நகராட்சியின் வடிகால் பிரிவில் உதவிப் பொறியாளர். விருது வாங்கியதில்லை, பத்திரிகையில் படம் வந்ததில்லை. அலுவலகத்தில் அவருக்குக் கிடைத்த ஒரே பட்டம் 'ஒருவேளை'. கணக்குப் பிரிவில் இருந்தவர்கள் வைத்தது. மழை நிற்குமா என்று வாட்ச்மேன் கேட்டால்கூட, "ஒருவேளை நிக்கலாம்" என்றுதான் சொல்வாராம். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டதும், "ஒருவேளை வராங்களா?" என்று ஒருவர் கேட்பார். "ஒருவேளை வந்தே வந்துட்டாங்க" என்று இன்னொருவர் சொல்வார். அவரும் சிரித்துக்கொண்டே தம் அறைக்குப் போய்விடுவார்.

அறை என்றால் ஒரு ஜன்னல், ஒரு நீளமான மேசை, அதன்மேல் சுருண்டு கொள்ளத் துடிக்கும் வரைபடங்கள். அவை சுருளாமல் இருக்க நான்கு மூலையிலும் சோதனைக்காக வார்த்த கான்கிரீட் கட்டிகளை வைத்திருப்பார். ஜன்னலைத் திறந்தால் கால்வாய் தெரியும்.

அந்தக் கால்வாய் ஊரை இரண்டாகப் பிரித்தது. மேல்கரையில் கடைவீதி, கிடங்குகள், வங்கி. கீழ்க்கரை பெயருக்கேற்றபடி தாழ்ந்த நிலம். அங்கே மூட்டை தூக்குகிறவர்கள், ஓட்டுநர்கள், தையல்காரர்கள். மேல்கரையின் தெருக்களில் விழும் மழையெல்லாம் கால்வாயில் இறங்கும். கால்வாய் நிரம்பினால் கீழ்க்கரையில் ஏறும். இதற்கு 'இயற்கைச் சீற்றம்' என்று பெயர் சூட்டி நிவாரணப் பொட்டலம் கொடுப்பது ஊர் வழக்கம். சீற்றம் இயற்கையுடையதாகவே இருக்கட்டும். வெள்ளத்தைத் தடுக்கும் சுவரை எந்தக் கரையில் எழுப்புவது என்று முடிவு செய்வது யார்?

கீழ்க்கரையில் இருந்தவர்களில் ஒருவர் நம் பொறியாளரின் நாத்தனார், கணவரின் தங்கை. வீட்டின் முன்னறையில் தையல் மெஷின்கள் போட்டு, பள்ளிச் சீருடை தைத்துக் கொடுப்பவர். தெருவில் உள்ள சில பெண்களுக்கும் அங்கேதான் வேலை. போன மழையில் தண்ணீர் புகுந்து மெஷின்களின் மோட்டார்கள் எரிந்தன. சுவரில் தண்ணீர் நின்ற கறை இடுப்பளவுக்கு இருந்தது. அதன்மேல் சட்டை மாடல் படங்கள் போட்ட ஒரு காலண்டரை மாட்டி மறைத்திருந்தார். மெஷின்களைச் செங்கல் அடுக்கி உயர்த்தியிருந்ததால், இப்போது காலால் மிதித்துத் தைக்கும்போது சைக்கிள் ஓட்டுவதுபோல் கால் தூக்கித் தூக்கி மிதிக்க வேண்டியிருந்தது.

வேறு ஊரில் தெரிந்தவர் ஒருவர் அவருக்குக் கடை ஒன்று தருவதாகச் சொல்லியிருந்தார். மேட்டு நிலம், நல்ல இடம். ஆனால் உடன் வேலை செய்யும் பெண்கள் யாரும் அங்கே வர முடியாது. அடுத்த மழைக்காலத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

"அண்ணி, தண்ணி டிபார்ட்மெண்டே உங்களுதுதானே. இங்கயே இருக்கவா, போகவா? ஒரே வார்த்தை சொல்லுங்க. அந்த உங்க ஒருவேளையை மட்டும் கொண்டு வராதீங்க" என்றார் நாத்தனார்.

 இரு என்று சொல்லப் பொறியாளருக்கு ஆசைதான். அப்படிச் சொல்லும் தகுதி அவர் மேசையில் இருந்த எந்த வரைபடத்துக்கும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் கால்வாயைச் சீரமைக்கப் பணம் வந்தது. கூடவே வானிலை ஆய்வு நிலையம் ஒன்றிலிருந்து வரும் காலத்துக்கான முன்கணிப்புகளும் வந்தன, நான்கு. இரண்டு கணிப்புகளின்படி மழை இனி முன்பைவிடக் கொட்டித் தீர்க்கும். மற்ற இரண்டின்படி மழை மெலிந்து, கால்வாய் பாதி நாள் வறண்டு கிடக்கும். நான்கும் ஒரே தராதரம் உள்ளவை. எது பலிக்கும் என்று தரவரிசை போட யாராலும் முடியவில்லை. அதை அந்த நிலையமே நேர்மையாகச் சொல்லியிருந்தது.

தலைமைப் பொறியாளர் ஓய்வு பெறும் காலத்தை நெருங்கியவர். தணிக்கை அதிகாரிகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்லியே முடி நரைத்தவர். கெட்ட மனிதர் இல்லை. நான்கு எண்களைப் பார்த்தார். கூட்டி நாலால் வகுத்துவிடச் சொன்னார். நம் பொறியாளரும் வகுத்தார். எத்தனையோ வருடமாக அந்த அலுவலகத்தில் அப்படித்தான் செய்வார்கள். இரண்டு ஒப்பந்தக்காரர் இரண்டு அளவு சொன்னாலும் நடுவில் ஒன்றை எடுப்பார்கள்.

வந்த விடை எல்லோரையும் மகிழ்வித்தது. தாத்தா காலத்துக் கணக்கும் இந்தச் சராசரியும் ஏறக்குறைய ஒன்றே. அப்படியென்றால் கால்வாயை அகலப்படுத்த வேண்டாம். மிச்சமாகும் பணத்தில் கடைவீதிப் பக்கம் உயரமான சுவர் எழுப்பிவிடலாம். வியாபாரிகள் சங்கத் தலைவர் அன்று மாலையே அலுவலகத்துக்கு வந்து எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். மேல்கரையில் சுவர் உயர்ந்தால் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்க அந்த அறையில் ஆள் இல்லை. டீ சூடாக இருந்தது.

இனி அவர் வீட்டுக்குப் போவோம். மாடியில் இரண்டு அறை. கணவர் ஒரு பள்ளியின் ஆய்வுக்கூட உதவியாளர். தங்கை அவருக்கு வைத்திருந்த பெயர் 'சமாதானம்'. இரண்டு பேர் சண்டை போட்டால் நடுவில் புகுந்து இருவரிடமும் அடி வாங்குகிற ரகம். அந்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய அண்ணன் ஊரிலிருந்து வருவதாக இருந்தது. அண்ணன் போனில் காலை வண்டி என்றார். அண்ணனின் மனைவி குறுக்கிட்டு, அதெல்லாம் கிடையாது, சாயங்கால வண்டி என்றார். அதற்குள் போன் அணைந்துவிட்டது. யார் பேச்சை நம்புவது? சமாதானம் யோசித்தார். யாருடைய மனதும் நோகாத ஒரு வழி அவருக்குத் தோன்றியது.

"நான் மத்தியானம் ஸ்டேஷனுக்குப் போயிடறேன்" என்றார்.

சாப்பிட வந்திருந்த நாத்தனாருக்குப் புரை ஏறிவிட்டது. தலையில் தட்டிக்கொண்டே சொன்னார்: "காலை வண்டியும் போயிருக்கும், சாயங்கால வண்டியும் வந்திருக்காது. பிளாட்பாரத்துல யாரைண்ணே கட்டிப் பிடிச்சுக் கூட்டிட்டு வருவே, போர்ட்டரையா?"

பொறியாளரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, "எதுக்குப் போய் நிக்கணும்? வண்டி ஏறினதும் ஒரு போன் பண்ணச் சொல்லுங்க. ஸ்டேஷன் பக்கம்தானே, போன் வந்த பிறகு கிளம்பினாப் போதும்" என்றார். சொல்லி முடித்ததும் தட்டில் வைத்த கை அப்படியே நின்றது. நாத்தனார் உப்பு அதிகமா என்று கேட்டார். அவர் கை கழுவ எழுந்துவிட்டார்.

நான்கு எண்ணைக் கூட்டி வகுத்து அவர் கண்டுபிடித்த மழை, அந்த மத்தியான ஸ்டேஷன்தான். நான்கு கணிப்பில் ஒன்றுகூட அந்த மழை பெய்யும் என்று சொல்லவில்லை. எந்த வருங்காலத்திலும் வராத ஒரு மழைக்காகக் கால்வாய் கட்டப் போகிறார்கள். அந்தக் கணக்கில் அவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

மறுநாளிலிருந்து அவர் வேலை வேறு மாதிரி நடந்தது. எது நடக்கும் என்று கேட்பதை விட்டுவிட்டு, எது நடந்தாலும் என்ன ஆகும் என்று கேட்க ஆரம்பித்தார். சுவர்த் திட்டத்தை நான்கு கணிப்பிலும் ஓட்டிப் பார்த்தார். இரண்டில் கீழ்க்கரை மூழ்கியது. இரண்டில் வெயிலில் காய்ந்துகொண்டு ஓர் உயரமான சுவர் சும்மா நின்றது. பிறகு தம் திட்டத்தை வரைந்தார். இரண்டு கரையிலும் ஒரே உயரத்தில் அடக்கமான சுவர், ஆனால் பின்னால் உயர்த்தினாலும் தாங்கும்படி அகலமான அஸ்திவாரம். கீழ்க்கரையில் ஒரு பம்ப் அறை, அதில் இப்போதைக்கு இரண்டு பம்ப், மூன்றாவதுக்குக் குழி மட்டும். பக்கத்தில் சும்மா கிடந்த லாரி மைதானத்தில் எதுவும் கட்டக்கூடாது, வெள்ளம் வந்தால் அது வாங்கிக்கொள்ளும், வறட்சி வந்தால் அதுவே தண்ணீர் தேக்கும் குளம். நான்கு கணிப்பில் எதிலும் இந்தத் திட்டம் முதல் மதிப்பெண் வாங்கவில்லை. எதிலும் பெயிலாகவும் இல்லை.

தலைமைப் பொறியாளர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, இந்த நாலுல எது நடக்கும்?"

"தெரியாது சார்."

"தெரியாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்றியா?"

"தெரிஞ்ச மாதிரி எழுதிக் கையெழுத்துப் போடறதைவிட அது பரவாயில்லை சார்."

அவர் கோபப்படுவார் என்று பொறியாளர் எதிர்பார்த்தார். அவரோ, கணக்குப் பிரிவு ஒத்துக்கொண்டால் ஊர்மக்களிடம் கருத்துக் கேட்கும் பொது விசாரணைக்கு வைக்கலாம் என்றார். கணக்கர் ஒத்துக்கொள்வாரா? "மேடம், காலிக் குழிக்கு நான் பில் பாஸ் பண்ணினா, ஆடிட்காரங்க அதே குழியில என்னை இறக்கிடுவாங்க" என்றார். வேறு நல்ல பெயர் ஏதாவது வைத்துக்கொடுங்கள் என்று கெஞ்சினார். பொறியாளர் மறுத்துவிட்டார். காலிக் குழி என்றே எழுதினார். வேறு பெயர் வைத்தால் நாளைக்கு அதில் பிளீச்சிங் பவுடர் மூட்டையை அடுக்குவார்கள் என்பது அவர் பயம். சும்மா கிடக்கும் இடத்தைக் கண்டால் நம்மவர்களுக்குக் கை அரிக்கும். கணக்கர் கடைசியில் அரைமனதாக ஒத்துக்கொண்டார்.

விசாரணைக்கு முன்னால் ஒருநாள் கீழ்க்கரைக்குப் போய், தையல் அறையில் உட்கார்ந்து நாத்தனாரிடம் எல்லாவற்றையும் விளக்கினார். அகலமான அஸ்திவாரம் எதற்கு, காலிக் குழி எதற்கு என்று நீட்டி முழக்கினார். கையில் இருந்த சீருடைப் பாவாடையின் விளிம்பை நாத்தனார் திருப்பிக் காட்டினார். உள்ளே நான்கு விரல் அகலத்துக்குத் துணி மடித்துத் தைத்திருந்தது.

"வளர்ற பிள்ளைக்கு உள்ள துணி விட்டுத் தைப்போம். எவ்வளவு வளரும்னு எனக்கென்ன தெரியும்? வளர்ந்தா பிரிச்சு விட்டுக்கலாம். இதுக்காண்ணி இவ்வளவு பெரிய பேப்பரு?"

"இதுக்குத்தான். ஆனா எங்க ஆபீஸ்ல உள்ள விட்ட துணிக்குக் காசு தர மாட்டேங்கறாங்க."

"விசாரணை என்னைக்கு? நானும் வரேன்."

விசாரணை நகராட்சிக் கூடத்தில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தூக்கி வந்து போட்டவர்கள் கீழ்க்கரைக்காரர்கள். உட்கார்ந்தவர்கள் மேல்கரைக்காரர்கள். இந்தக் காட்சியை எந்த ஊரில் நான் பார்க்கவில்லை! மைக் முதலில் கீச்சிட்டது, பிறகு செத்தது. சங்கத் தலைவர் மைக் இல்லாமலே பேசக்கூடியவர். வரி கட்டுவது கடைவீதி, அதனால் முதலில் காப்பாற்ற வேண்டியதும் கடைவீதி என்றார். கீழ்க்கரையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். இந்த 'அப்புறம்' என்ற சொல்லை வைத்தே எத்தனை தலைமுறையைத் தண்ணீரில் நிறுத்தியிருக்கிறார்கள் என்று யாராவது கணக்கெடுக்க வேண்டும்.

பொறியாளர் எழுந்து, உங்கள் சுவருக்கும் சேர்த்துத்தான் பேசுகிறேன் என்று ஆரம்பித்தார். ஒல்லியான அஸ்திவாரத்தின் மேல் உயரமாகக் கட்டிவிட்டு, அந்த உயரம் போதாத மழை வந்தால் மேலே ஒரு வரிசைகூட வைக்க முடியாது, இடித்துவிட்டுத்தான் கட்ட வேண்டும் என்றார். மழை குறைந்தாலோ போட்ட பணம் போனதுதான். எந்த மழை வரும் என்று அப்படியானால் நீங்களே உறுதியாகச் சொல்லுங்கள் என்று தலைவர் மடக்கினார். தெரியாது என்றார் பொறியாளர். முன்வரிசையில் சிரிப்பு எழுந்தது. பின்னால் யாரோ 'ஒருவேளை' என்று சத்தமாகச் சொன்னார். கணக்குப் பிரிவின் குரல் அது.

அப்போதுதான் கூடத்தின் கடைசியில் நின்றுகொண்டிருந்த நாத்தனார் பேசினார்.

"சார், எனக்கு மழைக் கணக்கு தெரியாது. உங்க கடைக்கணக்கு தெரியும். போன வெள்ளத்துல உங்க கடைக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி வரலை. ஆனா எத்தனை நாள் ஷட்டரைத் திறக்காம வச்சிருந்தீங்க? மூட்டை தூக்கறவன் வீடு முழுகினா, மூட்டை என்ன தானா நடந்து கடைக்கு வருமா?"

முன்வரிசையில் இருந்த ஒரு மொத்த வியாபாரி முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, அந்தம்மா சொல்வது வாஸ்தவம்தான் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அது மெதுவாக நாற்காலி நாற்காலியாகப் பரவியது. தலைவர் திரும்பிப் பார்த்தார். தம் ஆட்களே தலையாட்டுவதைக் கண்டு உட்கார்ந்தார்.

திட்டத்துக்கு ஒப்புதல் வந்தது, எல்லாம் கிடைத்துவிடவில்லை. லாரி மைதானத்தில் பாதியைத்தான் கொடுத்தார்கள். மீதிப் பாதிக்காக அவர் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார். ஆனால் முக்கியமான ஒன்று தீர்மானத்திலேயே ஏறியது. அதை எழுதியவர் வேறு யாருமில்லை, தலைமைப் பொறியாளர்தான். 'நாளைக்கு நீயும் நானும் இந்த நாற்காலியில இருக்க மாட்டோம்மா' என்று சொல்லி எழுதினாராம். கால்வாய்ப் பாலத்தின் தூணில் இரண்டு கோடுகள். மஞ்சள் கோட்டைத் தண்ணீர் இரண்டு மழைக்காலங்களில் தொட்டால், புதிதாக யாரிடமும் கேட்காமல் மூன்றாவது பம்ப் வாங்க வேண்டும், அதற்கான தொகை தனியே இருக்கும். சிவப்புக் கோட்டைத் தொட்டால் சுவரை உயர்த்த வேண்டும், இரண்டு கரையிலும் சேர்த்து. ஒரு கரையை மட்டும் உயர்த்த யாருக்கும் அதிகாரம் இல்லை. வண்டி ஏறியதும் வரும் போன்தான் அந்தக் கோடு.

வேலை முடிந்து தூணில் பெயிண்ட் காய்ந்துகொண்டிருந்த அன்று பாலத்தின்மேல் நின்று நாத்தனார் மறுபடி அதே கேள்வியைக் கேட்டார். இருக்கவா, போகவா?

"இரு" என்றார் பொறியாளர். "தண்ணி வராதுன்னு சொல்லலை. மஞ்சள் கோட்டைத் தொட்டா அடுத்து என்ன செய்யணும்னு இப்பவே முடிவாகியிருக்கு. நான் டிரான்ஸ்பர் ஆனாலும் இந்தக் கோடு இங்கதான் இருக்கும். நீ பார்த்துக்கோ."

 "ஒருவேளைன்னு சொல்லாம ஒரு பதில் சொல்லிட்டீங்களே அண்ணி, உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்றார் நாத்தனார். வெளியூர்க் கடையை வேண்டாமென்று சொல்லிவிட்டார். மெஷின்களுக்குச் செங்கலை எடுத்துவிட்டு உறுதியான மேடையாகக் கட்டினார், அவர் பங்குக்கு அவரும் உள்ளே துணி விட்டார்.

அடுத்த மழைக்காலத்தில் தண்ணீர் லாரி மைதானத்தில் முழங்கால் அளவுக்கு நின்றது, தையல் அறைக்கு வரவில்லை. ஒரு மழைக்காலம் எதையும் நிரூபிக்காது. இதை முதலில் சொல்கிறவர் நம் பொறியாளராகத்தான் இருப்பார். அதற்கடுத்து வந்த பெருமழையில் மஞ்சள் கோடு நனைந்தது. தையல் அறைப் பெண்கள் குடையோடு பாலத்துக்கு ஓடிப்போய்ப் படம் எடுத்து அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். பின்னொரு மழைக்காலத்தில் இன்னொரு முறை நனைந்தது. அதன்பிறகு கூட்டம் இல்லை, விசாரணை இல்லை, டீயும் இல்லை. மழைக்காலம் முடிந்த கையோடு மூன்றாவது பம்ப் லாரியில் வந்து இறங்கியது.

குழியின் மூடியைத் திறந்தபோது உள்ளே இரண்டு பிளீச்சிங் பவுடர் மூட்டைகள் இருந்தன. கணக்கர் வேறு பக்கம் பார்த்தார். மூட்டைகளை எடுத்துப் போட்டுவிட்டுப் பம்பை இறக்கினார்கள். கிரேன் சங்கிலியிலிருந்து அது இறங்கி, போல்ட்டுகளின்மேல் பிசகாமல் உட்கார்ந்தது. நாத்தனார் கழுத்தில் தொங்கிய அளவு டேப்பை எடுத்து, சுவருக்கும் பம்புக்கும் நடுவே வைத்துப் பார்த்தார். அளவெல்லாம் சரியாகத்தான் தைத்திருக்கிறார்கள் என்று தம் பெண்களிடம் சான்றிதழ் கொடுத்தார். சிவப்புக் கோடு இன்னும் காய்ந்தே இருக்கிறது. நனைந்தால் என்ன செய்வதென்று அந்த ஊருக்குத் தெரியும்.

உங்கள் ஊருக்குத் தெரியுமா? நாளைக் காலையில் உங்கள் நகராட்சி அலுவலகத்துக்குப் போங்கள். தனியாகப் போகாதீர்கள், தாழ்ந்த தெருவில் குடியிருக்கும் யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். எந்த மழைக்குக் கட்டுகிறீர்கள், அந்த மழை வராமல் வேறொன்று வந்தால் மாற்றிக்கொள்ள எங்கே இடம் விட்டிருக்கிறீர்கள், நீங்கள் தள்ளிவிடும் தண்ணீர் யார் வீட்டுக்குள் போகும் என்று கேளுங்கள். சராசரி என்று பதில் வந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அங்கே நாற்காலி இருக்கும். உங்களோடு வந்தவரை முதலில் அதில் உட்கார வையுங்கள். பதில் வரும்வரை எழுந்திருக்காதீர்கள்.